குளிர் யார் பக்கம்

குளிர் எந்த அணிக்குச் சாதகம் என்று என்னிடம் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறார்கள். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணிகளும் பக்கம் மாறினால், எந்த வலைக்குள் பந்து போனால் நான் சந்தோஷப்பட வேண்டும் என்பதே குழம்பிவிடும். ஆனாலும் பதில் சொன்னேன், அதுவும் நிச்சயமான குரலில். எதையும் இரண்டு முறை யோசித்து மூன்றாம் முறை சந்தேகப்படுகிறவள் நான். யோசிக்காமல் சொன்ன சில பதில்களில் அது ஒன்று.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தேன். கணவருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மூன்று வருடத்தில் மாற்றல் வந்துவிடும் என்றுதான் என் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். வரவில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பின்புறம் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் எங்களுக்கு. மகன் அங்கேயே பிறந்து அந்தத் தெருப் பையன்களோடு வளர்ந்தான். வீட்டில் தமிழ் பேசுவான், கோபம் வந்தால் வங்காளத்துக்கு மாறிவிடுவான். நான் வங்காளத்தில் ஒரு வாக்கியத்தைக் கூட்டிச் சேர்ப்பதற்குள் அவன் மூன்று சொல்லி முடித்திருப்பான்.

நான்கு வயதில் அவனுக்கு இழுப்பு வந்தது. ஸ்டேஷனை ஒட்டித் தண்டவாளத்தின் ஓரமாகக் குடிசைகள் உண்டு. குளிர்காலத்தில் விடிந்ததும் அங்கே வரிசையாகக் கரி அடுப்பு மூட்டுவார்கள். புகை மேலே போகாது. பனியோடு கலந்து, ஆள் உயரத்துக்குத் தெருவெல்லாம் படுத்துக் கிடக்கும். வெயில் ஏறி எட்டரை, ஒன்பது ஆனால்தான் கலையும். அதுவரை நான் ஜன்னலைத் திறக்க மாட்டேன். வாசல் கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைப்பேன். அப்படியும் சில நாட்கள் அவன் எழுந்திருக்கும்போதே நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும்.

குழந்தை டாக்டர் ஒரு வயதான அம்மாள். "ஓடட்டும், ஆடட்டும். கட்டிப் போட்டால் நுரையீரல் பலப்படாது" என்றார். ஆட்டத்துக்குக் கால் மணி முன்னால் இரண்டு தடவை இன்ஹேலர், பையில் எப்போதும் ஒன்று தயாராக, காலைப் புகையில் மட்டும் ஓட வேண்டாம். இவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். அந்தக் காகிதத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். இன்ஹேலர் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பொடி எழுத்துக் காகிதத்தையும் வைத்திருந்தேன். டாக்டர் எழுதியதை ஒரு முறை படித்தால் அந்தப் பொடி எழுத்தைப் பத்து முறை படிப்பேன். நெஞ்சு படபடக்கலாம், கை நடுங்கலாம் என்று அதில் இருந்தது. பழகிவிட்டால் விடவே முடியாது என்று பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். நான் பட்டம் படித்தவள். அது பழக்கமாகிற மருந்து இல்லை என்று டாக்டர் விளக்கியது புரிந்தது. புரிந்த பிறகும் பயம் போகவில்லை.

ஒன்பது வயதில் அவனைத் தெரு மைதானத்தில் கால்பந்துப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். தேர்வு நடந்த அன்று நானும் போயிருந்தேன். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "மத்ராஸிப் பையன். இட்லி தின்னுட்டு எவ்வளவு தூரம் ஓடறான், பார்க்கலாம்" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தத் தெருவில் அதெல்லாம் பிரியமான பேச்சு. ஆனால் அன்றைக்கே பயிற்சியாளர் இருமிக்கொண்டிருந்த ஒரு பையனை வரிசையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்தேன். அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்று வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவனுக்கு இழுப்பு என்று தெரிந்தால் இவனையும் இப்படித்தான் அனுப்புவார்கள்.

"சார்கிட்ட சொல்லாதே. மருந்தை வீட்டிலேயே எடுத்துக்கோ. அங்கே மூச்சு முட்டினா மைதானத்துச் சுவருக்குப் பின்னாடி வா, நான் இருப்பேன்" என்று அவனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. பயிற்சியாளருக்கு வேலை எங்கள் தெருமுனை மருந்துக் கடையில். மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை கடைக்காரர் அவரை மைதானத்துக்கு விட்டுவிடுவார். அங்கே போய் இன்ஹேலர் கேட்க முடியாது. அதனால் மாதம் ஒரு முறை பஸ் பிடித்து ஜாதவ்பூர் போய் வாங்கி வருவேன். கணவருக்கு இது வேடிக்கை. "திருட்டுச் சாமான் வாங்கப் போற மாதிரிப் போறியே" என்பார். ஆனால் அவரும் சொல்லிவிடு என்று வற்புறுத்தவில்லை. வீட்டு விஷயம், பிள்ளை விஷயம் எல்லாம் என் பொறுப்பு என்று விட்டிருந்தார்.

ஒன்றரை வருடம் இது ஓடியது. பயிற்சி மாலையில் என்பதால் பெரிதாக ஒன்றும் வரவில்லை. இரண்டு மூன்று முறை சுவருக்குப் பின்னால் வந்தான். எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினான். ஒன்றுக்குப் போனதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

பிறகு, ஒரு டிசம்பர் கடைசியில், அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பயிற்சியாளரும் மைதானக் கமிட்டியிலிருந்து இரண்டு பேரும் காலை பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் கழுத்தில் மஃப்ளரை மூன்று சுற்று சுற்றிய பெரியவர். மற்றவர் ஒல்லியாக, எதற்கும் எதிர்வார்த்தை வைத்திருப்பவர். காபி போட்டுக் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்கள் அணி ஒன்று பள்ளி விடுமுறையில் ஊர் பார்க்க வருகிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு அணியோடு ஓர் ஆட்டம். மகன் இடது ஓரத்தில் ஆடுவான் என்று பயிற்சியாளர் சொன்னார். அவன் முதல் முறையாகப் பதினொருவரில் ஒருவன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவன் அங்கேயே ஒரு குதி குதித்தது கேட்டது.

"நேரம்தான் முடிவாகலை" என்றார் பயிற்சியாளர். "குளிர்காலம், ஞாயித்துக்கிழமைன்னா மைதானம் எட்டு மணியிலேர்ந்து கிரிக்கெட்காரங்க கையில. ஒண்ணு, காலை ஆறரைக்கு ஆடணும். இல்லேன்னா அவங்க காலைப் பிடிச்சு மூணு மணிக்கு விடச் சொல்லணும். அதான் உங்ககிட்ட வந்தோம், பௌதி. நீங்க அந்த ஊர்க்காரங்க. நம்ம குளிர் அந்தப் பசங்களை என்ன பண்ணும்?"

பௌதி என்றால் அண்ணி. தெருவில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்களே தவிர, பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் ஒரு விஷயத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை.

"இதுல என்ன கேள்வி?" என்றார் மஃப்ளர். "குளிர் எப்பவும் சொந்த ஊர்க்காரன் பக்கம். புல்லெல்லாம் பனி. பந்து வழுக்கும். வழுக்கும்னு தெரிஞ்சவன் நிப்பான், தெரியாதவன் விழுவான்."

"போன வருஷம் மலையிலேர்ந்து பசங்க வந்தாங்களே, அவங்க விழுந்தாங்களா?" என்றார் ஒல்லி. "நம்ம குளிர்ல பனியனோட ஆடினாங்க. நம்ம பசங்க ஸ்வெட்டரோட தோத்தாங்க."

"அவங்களுக்கு நம்ம குளிர் கோடைகாலம்ப்பா. இது மத்ராஸ். அங்கே ஸ்வெட்டர் கடையே கிடையாதாம். இல்லையா, பௌதி?"

"கம்பளிக் கடை நானும் பார்த்ததில்லை" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மேலே பேசினேன். நான் வந்த முதல் குளிர்காலத்தைச் சொன்னேன். நாகப்பட்டினத்திலிருந்து வந்தவளுக்குக் காலையில் புடவையில் ஊக்குக் குத்த விரல் மடங்கவில்லை. பாத்ரூம் தரையில் கால் வைத்தால் பாதம் என்னுடையதாகவே இருக்காது. தெருவில் நடந்தால் முழங்காலுக்குக் கீழே இரண்டு கட்டைகளை மாட்டிக்கொண்டு நடப்பது மாதிரி இருக்கும். என் அரைகுறை வங்காளத்தில், கையை விறைத்துக் காட்டிச் சொன்னேன்.

"முதல் பத்து நிமிஷம் அந்தப் பசங்களுக்குக் கால் எங்கே இருக்குன்னே தெரியாது" என்றேன். "ஆறரைக்கே வைங்க."

"கேட்டியா!" என்று மஃப்ளர் ஒல்லியின் தொடையில் தட்டினார். பயிற்சியாளர் எழுந்து, "அப்போ ஆறரை. பௌதி சொல்லியாச்சு" என்றார்.

அவர்கள் வாசற்படி இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போடுவதற்காகக் கையைத் தூக்கியபோதுதான் உறைத்தது. திரும்பினேன். மகன் நின்றிருந்தான்.

"ஆறரையாம்மா?"

"ம்."

"புகை இருக்குமே."

நான் தாழ்ப்பாளைப் போட்டேன். அவன் பந்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டான்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு வேறு நினைப்பு இல்லை. கணவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"போய்ச் சொல்லிடு. பையனுக்கு இந்த மாதிரி, நேரத்தை மாத்துங்கன்னு சொல்லு."

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. டீம்லேர்ந்து எடுத்துட்டா?"

"அப்போ அன்னிக்கு அனுப்பாதே."

"முதல் தடவை ஆடப்போறான். எப்படிங்க அனுப்பாம இருக்கிறது?"

"ரெண்டுல ஒண்ணுதானே முடியும்" என்றார் அவர். அவருக்கு அது கணக்கு மாதிரித் தெளிவாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம். எனக்கு முன்னால் நான்கு பேர். அவர்கள் எதிரில் சொல்ல வாய் வரவில்லை, தொண்டைக்குப் போடும் மாத்திரை ஒரு பட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். வியாழக்கிழமை மறுபடி போனேன். கடையில் யாரும் இல்லை. என்னைப் பார்த்ததும் பயிற்சியாளருக்கு முகம் மலர்ந்தது. "பௌதி, உங்க யோசனையை எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். சென்னை மாஸ்டருக்கும் போன் பண்ணி ஆறரைன்னு சொல்லியாச்சு. மனுஷன் பயந்துட்டார்!" என்றார். நான் இன்னொரு பட்டை மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த காவல்களை எல்லாம் செய்தேன். இரண்டு வேளை ஆவி பிடிக்க வைத்தேன். தயிரை நிறுத்தினேன். மாஷிமா என்று எல்லோரும் கூப்பிடும் மாடி வீட்டு அம்மாள் பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெயை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து, "நெஞ்சிலயும் உள்ளங்கால்லயும் தேய். டாண்டா லேகே ஜாபே" என்றாள். குளிர் பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம். அக்டோபர் முடிந்தால் மார்ச் வரை அந்த ஊரில் தாய்மார்களின் வாயில் இந்த ஒரு வாக்கியம்தான். பன்னிரண்டு வருடத்தில் என் வாயிலும் அது ஏறியிருந்தது. எதுவும் தவறிப் போகக் கூடாது என்று எல்லாவற்றையும் செய்தேன். செய்ய வேண்டிய ஒன்றைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வீட்டில் வைத்து இன்ஹேலர் கொடுத்தேன். டாக்டர் சொன்னது இரண்டு தடவை. ஒரு தடவை எடுத்ததும் அவன் விரல்கள் லேசாக நடுங்கின. ஆட்டத்தை நினைத்து நடுங்கியிருக்கலாம். பொடி எழுத்துக் காகிதம் எனக்கு ஞாபகம் வந்தது.

"இன்னொண்ணு?" என்றான்.

"போதும். அங்கே வேணும்னா எடுத்துக்கலாம்."

ஜெர்சிக்கு மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே இன்னொன்று, தலைக்குக் குரங்குக் குல்லா. கண்ணும் மூக்கும் மட்டும் தெரிந்தன. வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடச் சொல்லி அழைத்துப் போனேன். தெருவிளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, அதைச் சுற்றி மஞ்சளாகப் புகை.

மைதானத்தில் எங்கள் பையன்கள் எல்லோரும் இதே கோலத்தில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு குரங்குக் குல்லா. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு அம்மா, சால்வையைப் போர்த்திக்கொண்டு. ஒருவன் எழுந்து காலை உதறப் போனால், "உட்காருடா, வேர்த்துட்டு அப்புறம் டாண்டா லேகே ஜாபே" என்று இழுத்து உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் கெஞ்சினார். "கொஞ்சம் ஓடவிடுங்க, பௌதி. உடம்பு சூடாகணும்." "விசில் ஊதட்டும், குல்லாவைக் கழட்டறோம்" என்றாள் கோல் கீப்பரின் அம்மா. குளிரை வைத்து ஜெயிக்கப் போகிற எங்கள் அணி, குளிருக்குப் பயந்து உட்கார்ந்திருந்தது. அப்போது இது எனக்கு விநோதமாகப் படவில்லை. நானும் என் மகனின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

சென்னைப் பையன்கள் மைதானத்தின் அந்தப் பக்கம் இருந்தார்கள். பனியில் உருவங்கள் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. தமிழ்ச் சத்தம். தெருவில் அவ்வளவு தமிழைச் சேர்ந்தாற்போல் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

"டேய், என் வாயில புகை வருது பாருடா!"

"உங்கப்பாகிட்ட சொல்றேன் இரு. கல்கத்தா போய்ப் பையன் சிகரெட் பிடிக்கிறான்னு."

"மச்சான், கால் மரத்துப் போச்சுடா."

"ஓடுடா, ஓடினா வந்துரும்."

ஓடிக்கொண்டே இருந்தார்கள். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி, கத்திக்கொண்டு, ஒருவனை ஒருவன் துரத்திக்கொண்டு. தலையில் துண்டு கட்டிய அவர்களுடைய மாஸ்டர் எங்கள் பயிற்சியாளரிடம் ஆங்கிலத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். அவர்களைத் தங்கவைத்த பள்ளிக்கூட ஹாலில் குளிர் தாங்காமல் பையன்கள் நாலரைக்கே எழுந்து குதிக்க ஆரம்பித்துவிட்டார்களாம், இன்னும் நிறுத்தவில்லையாம். நான் சால்வையை முன்னுக்கு இழுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்தப் பிள்ளைகள் விறைத்துப் போக வேண்டும் என்று சொன்னவள் நான்.

விசில் ஊதியதும் குல்லாக்கள் கழன்றன. மூன்றாவது நிமிடத்தில் முதல் கோல் விழுந்தது. எங்கள் கோல் கீப்பர் கையை நீட்டுவதற்குள் பந்து உள்ளே போயிருந்தது. எங்கள் பையன்கள் நடந்தது நான் என் முதல் குளிர்காலத்தில் நடந்த மாதிரியே இருந்தது. எட்டாவது நிமிடத்தில் இரண்டாவது. மஃப்ளர் பெரியவர் என் பக்கம் பார்த்தார், பிறகு புல்லைப் பார்த்தார்.

ஆனால் நான் கோலைப் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் ஓடுகிற ஒரு சின்ன முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் வரை நன்றாக ஓடினான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இடுப்பில் கை வைத்தான். அடுத்து முழங்காலில் கை வைத்தான். தோள்கள் காதுவரை ஏறி ஏறி இறங்கின. அவன் கூப்பிடுவான் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. பந்து தன் பக்கம் வந்தபோது அதைத் தொடாமல், யாரிடமும் சொல்லாமல், கோட்டைத் தாண்டிச் சுவரை நோக்கி நடந்தான். நான் சொல்லிவைத்தபடி.

"எங்கேடா போறே?" என்று பயிற்சியாளர் கத்தினார். "ஒண்ணுக்குப் போற நேரமா இது? திரும்பு!"

நான் சுவருக்குப் பின்னால் ஓடினேன். உதடு வெளுத்திருந்தது. பேச்சு வரவில்லை. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன், அவனால் இழுக்க முடியவில்லை. மருந்து பனிக்குள் போனது. மறுபடி அழுத்தினேன். இருமினான். கண்கள் என் மேலேயே இருந்தன, அவற்றில் பயம் மட்டும்தான் இருந்தது.

"வாயைத் திறடா! இழு! மூச்சை இழுடா கண்ணா!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. ஆட்டம் நின்றுவிட்டது. சுவரைச் சுற்றி எல்லோரும் வந்துவிட்டார்கள், எங்கள் பையன்களும் அவர்கள் பையன்களும். இரண்டாவது கோல் போட்ட சென்னைப் பையன் முன்னால் நின்றிருந்தான். அவன் மெதுவாக, "ஆன்ட்டி, நீங்க தமிழா?" என்று கேட்டான்.

பயிற்சியாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். ஒரு நொடிதான். அதை வாங்கிக் குலுக்கி, பையனை உட்கார்த்தி, முதுகை நிமிர்த்தி, ஒரு கையால் தாடையைப் பிடித்து, "மெல்ல வெளியே விடு. இப்போ இழு" என்று சொல்லி அழுத்தினார். அப்போதுதான் கொஞ்சம் உள்ளே போனது. பிறகு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஆட்டத்தை மஃப்ளர் பெரியவரிடம் விட்டுவிட்டு எங்களோடு டாக்ஸியில் ஏறினார்.

டாக்ஸியில் மகன் அவர் மடியில் சாய்ந்திருந்தான்.

"எத்தனை நாளா?" என்றார்.

"நாலு வயசிலேர்ந்து."

"எங்கே வாங்கறீங்க?"

"ஜாதவ்பூர்ல."

அவர் டாக்ஸியின் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி மூடினார். "என் கடையில இந்த நீலப் புட்டி தினமும் எத்தனை போகுதுன்னு தெரியுமா, பௌதி? நம்ம கோல் கீப்பர் ஆறு வயசிலேர்ந்து எடுக்கறான். அதனாலதான் அவனைக் கோல்ல நிறுத்தினேன், ஓட வேண்டாமேன்னு. அவங்கம்மா முதல் நாளே வந்து சொல்லிட்டாங்க."

நான் மகனின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஷூவில் பனியும் மண்ணும்.

"உங்ககிட்டதானே நேரம் கேட்டேன்" என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் கிரிக்கெட்காரன் காலைப் பிடிச்சிருப்பேனே." அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் முகமூடி வைத்து மருந்தை ஆவியாகக் கொடுத்தார்கள். மூன்று முறை கொடுத்த பிறகு மதியத்துக்குள் மூச்சு நிதானத்துக்கு வந்தது. காலையிலேயே அலுவலக நண்பர் வீட்டுக்குப் போயிருந்த கணவர் அங்கிருந்து நேராக வந்தார். மகனின் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

ஆட்டத்தில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருந்தோம். உடம்பு சூடான பிறகு எங்கள் பையன்கள் ஒரு கோல் திருப்பினார்களாம். டீக்கடையில் அதைப் பற்றிப் பல நாள் வாக்குவாதம் நடந்ததாக மாஷிமா சொன்னாள். குளிர் சொந்த ஊருக்குத்தான் சாதகம், தாய்மார்கள் உட்கார வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று மஃப்ளர். குளிருக்குப் பழகியவனைவிடக் குளிரைக் கண்டு ஓடுகிறவனுக்குத்தான் உடம்பு சூடாக இருக்கும், வந்தவனுக்கே சாதகம் என்று ஒல்லி. என் பெயரை யாரும் எடுக்கவில்லையாம். மாஷிமா அதை ஆறுதலாகச் சொன்னாள்.

மகன் ஒரு வாரம் வீட்டில் இருந்தான். முன்பு போலவே சாப்பிட்டான், படித்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஒரு நாள் நான் அவன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது மட்டும், துண்டுக்குள்ளிருந்து கேட்டான்.

"நீ ஏம்மா ஆறரைன்னு சொன்னே?"

என்னைக் கேட்டார்கள் என்பதற்காகச் சொன்னேன் என்று பத்து வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? "தெரியலைடா" என்றேன். அது உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது.

பத்து நாள் கழித்துப் பயிற்சியாளர் வந்தார். அவனை வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். நான் சமையலறையில் இருந்தேன். இருவரும் வங்காளத்தில், வேகமாக, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. 'மா' என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது. பிறகு அவன் உள்ளறைக்குப் போய்விட்டான். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றார்.

"வருவான், பௌதி. சாயங்காலம் மட்டும். மருந்து அவன் பாக்கெட்ல ஒண்ணு, என் பையில ஒண்ணு இருக்கும். ரெண்டு தடவை எடுத்துட்டுத்தான் இறங்குவான்."

"சரி."

"இன்னொண்ணும் சொன்னான்." அவர் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "நீங்க மைதானத்துக்கு வர வேண்டாம்னு. நீங்க அங்கே இருந்தா மூச்சு வாங்கறதை மறைக்கணும்னு தோணுதாம். இல்லேன்னா என்கிட்ட சொல்லிடுவானாம்." உடனே கையை ஆட்டினார். "சின்னப் பையன். ஏதோ பேசறான். நான் சொல்லிப் புரிய வைக்கிறேன்."

"வேண்டாம்" என்றேன். "நான் வரலை."

அவருக்குக் காபி போட்டேன். குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு மாற்றல் வரும்வரை இரண்டு வருடம் அவன் ஆடினான். ஓர் ஆட்டத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எத்தனை கோல் போட்டான் என்பதை மாஷிமாவிடமிருந்தும் கோல் கீப்பரின் அம்மாவிடமிருந்தும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். ஐந்தரைக்கு மேல் ஜன்னலோரம் நிற்பேன். அவன் தெரு திரும்பி வருவது தெரியும். ஆனால் உடனே உள்ளே வர மாட்டான். வாசலுக்குச் சற்று முன்னால், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் நிற்பான். மூச்சு சமமான பிறகுதான் மணியை அடிப்பான். நானும் அதுவரை கதவைத் திறக்காமல் இருப்பேன்.